சீட் வலி முதல் குளிர்காலக் கிறீச்சொலி வரை: சைக்கிள் கோளாறை அறிகுறி பார்த்துத் தேடும் வழி

சைக்கிளில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது உண்டாகிற இடம் வேறொன்று. வலிப்பது முழங்காலாக இருக்கும், காரணம் சீட்டின் உயரத்தில் இருக்கும். சத்தம் பெடல் பக்கத்திலிருந்து வருவதுபோல் கேட்கும், தளர்ந்திருப்பது சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டாக இருக்கும். இது புரியாமல் ஸ்பானரை எடுத்தால் நன்றாக இருந்த பாகத்தைத்தான் முதலில் கழற்றுவோம். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் ஒரு சோதனை, அப்புறம்தான் வேலை என்று எழுதியிருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு விஷயங்கள். முதலாவது, இப்போதுள்ள நிலையைக் குறித்துவையுங்கள். சீட் கம்பி சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள். சீட்டின் அடியில் ஓடும் இரண்டு கம்பிகளிலும் பிடிப்பான் எங்கே இருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். இரண்டாவது, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். உயரத்தையும் சாய்வையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், வலி குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது. கூடினாலும் அதே கதிதான்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, அளவு நாடா, சின்ன ரசமட்டம், கொஞ்சம் கிரீஸ், பழைய துணி. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் ரொம்ப நல்லது. கார்பன் பாகங்கள் உள்ள வண்டி என்றால் அது கட்டாயம்.

முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது

பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது. பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது, அந்த நிலையில் மிதிக்கும் அழுத்தம் முழுவதும் முழங்கால் சில்லின் மேல் விழுகிறது.

சோதனை இப்படி. சுவரோரம் வண்டியை நிறுத்தி, வழக்கமாக ஓட்டும் காலணியோடு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு. இடுப்பைச் சாய்த்தால்தான் குதிகால் எட்டுகிறது என்றால் உயரம். குதிகால் சரியாக எட்டினால், வழக்கம்போலப் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு, சுமார் 25 முதல் 35 டிகிரி வரை, தானாகவே வந்துவிடும்.

எண்ணில் வேண்டும் என்றால் ஒரு பழைய கணக்கு உண்டு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு இடையில் ஒரு தடிமனான புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய நீளம் கிடைக்கும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரோடு இந்தக் கணக்கு பரவியது. காலணியும் பெடலும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதை ஆரம்ப அளவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு சொல்ல வேண்டியது உங்கள் முழங்கால். 3 மி.மீ., அதிகம் போனால் 5 மி.மீ. ஏற்றிச் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த படி.

உயரம் சரியாக இருந்தும் வலி போகவில்லையா? சீட் முன்னால் தள்ளியிருக்கலாம். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்னால் உள்ள காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து நூலில் கட்டிய நட்டைத் தொங்கவிடுங்கள். அது பெடல் அச்சின் அருகில் விழ வேண்டும். ரொம்ப முன்னால் விழுந்தால் சீட்டை 5 மி.மீ. பின்னால் நகர்த்துங்கள். பின்னால் நகர்த்தினால் பெடல் எட்டும் தூரமும் கொஞ்சம் கூடும். அதனால் உயரத்தை மறுபடி சரிபாருங்கள்.

குளிர்காலத்தில் மட்டும் இந்த வலி வருகிறவர்கள் சீட்டைத் தொடுவதற்கு முன் காலணியைப் பாருங்கள். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் போட்டால், சீட் அந்த அளவுக்குத் தாழ்ந்துவிட்டது என்றே அர்த்தம். கோடைக் காலணிக்கும் பூட்ஸுக்கும் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தால் கால் அதை உணரும். இரண்டு பருவத்துக்கும் சீட் கம்பியில் இரண்டு டேப் அடையாளம் வைத்துக்கொள்வதுதான் நல்ல வழி. கூடவே, குளிர்ந்த முழங்காலோடு கனமான கியரில் கிளம்பாதீர்கள். முதல் பத்து நிமிடம் லேசான கியரில் வேகமாக மிதியுங்கள், முழங்காலை மூடியும் வையுங்கள்.

முழங்காலின் பின்பக்கம் வலி, அல்லது இடுப்பு இடவலமாக ஆடுகிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். சீட் உயரம். ஒருவரைப் பின்னால் வரச் சொல்லி போனில் படம் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு எட்டி எட்டி இறங்கினால் சந்தேகமே வேண்டாம். 3 மி.மீ. இறக்குங்கள். தொடையிடுக்கில் தோல் உரசிப் புண்ணாவதும் பல சமயம் இந்த ஆட்டத்தால்தான். களிம்பு தடவிக்கொண்டே ஓட்டினால் ஆறாது.

உட்காரும் இடம் மரத்துப்போகிறது

இதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. உடல் எடையைத் தாங்க வேண்டியது உட்காரும் இரண்டு எலும்புகள். அவற்றுக்கு நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் போகின்றன. மரத்துப்போனால் எடை அந்த நடுப்பகுதியில் விழுகிறது என்று பொருள்.

முதலில் சாய்வு. சீட்டின் நீளவாக்கில் ஒரு தட்டையான பலகையை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். வண்டி நிற்கும் தரையும் சமமாக இருக்க வேண்டும். சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் ஒன்றிரண்டு டிகிரி இறக்கிப் பார்க்கலாம், அதைத் தாண்ட வேண்டாம். அடுத்து உயரம், மேலே சொன்னபடி. மூன்றாவது ஹேண்டில்பார். அது எட்டாத தூரத்திலோ ரொம்பத் தாழ்வாகவோ இருந்தால் இடுப்பு முன்னால் உருண்டு நடுப்பகுதி அழுந்தும்.

மூன்றும் சரியாக இருந்தும் மரத்தால் சீட்டின் அகலம் உங்களுக்குப் பொருந்தவில்லை. வீட்டிலேயே அளக்கலாம். கடினமான நாற்காலியில் ஓர் அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு, குதிகாலைச் சற்று உயர்த்தி, முன்னால் குனிந்து ஒரு நிமிடம் அழுத்தமாக உட்காருங்கள். எழுந்து அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கவைத்து மேலே லேசாகத் தேயுங்கள், பள்ளமான இடம் வெளுப்பாக நிற்கும். இரண்டு குழிகளின் நடுவுக்கு நடு எவ்வளவு என்று அளந்து, அதோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். சீட்டின் பின்பகுதி ஏறக்குறைய அந்த அகலம் இருக்க வேண்டும்.

எல்லாரும் முதலில் செய்வது மெத்தென்ற ஜெல் உறை வாங்குவது. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். தூரம் போகப் போக எலும்புகள் அந்த மெத்தைக்குள் அமிழ்ந்து, நடுவில் உள்ள பகுதி மேலே எழும்பி அழுத்தும். அரை மணி நேர ஓட்டத்துக்குச் சுகமாக இருக்கும், மூன்று மணி நேரத்துக்கு ஆகாது. இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் வண்டியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உள்ளங்கை மரக்கிறது, உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே போகிறது

மரப்புக்குப் பயந்து சீட்டின் மூக்கை அதிகமாக இறக்கியவர்களுக்கு வருவது இது. வழுக்குவதைக் கைகள் தடுத்து நிறுத்துகின்றன, அதனால்தான் உள்ளங்கையும் தோளும் வலிக்கின்றன. கையுறை மாற்றிப் பயனில்லை. மூக்கை மட்டத்துக்கு ஏற்றுங்கள்.

சீட் தானாக இறங்குகிறது

டேப் ஒட்டச் சொன்னதன் பலன் இங்கே தெரியும். டேப் சட்டத்துக்குள் சுருண்டு மறைந்திருந்தால் கம்பி இறங்குகிறது. சட்டத்தின் மேல்முனையில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பானின் போல்ட்டை இன்னும் இறுக்குவதுதான் கை பழகிய வேலை. ஆனால் முதலில் கம்பியை வெளியே எடுத்து, கம்பியையும் சட்டத்தின் உட்புறத்தையும் பிடிப்பானையும் துடையுங்கள். போல்ட்டின் மரை காய்ந்திருந்தால் அங்கே ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள். காய்ந்த மரையில் கை உணரும் இறுக்கம் பொய்யான இறுக்கம், பிடிப்பு வந்திருக்காது. உலோகக் கம்பிக்கு மெல்லிய கிரீஸ் பூச்சு. கார்பனுக்கு கிரீஸ் கூடாது, மணல்போல் நறநறக்கும் கார்பன் பேஸ்ட்தான்.

அப்போதும் இறங்கினால் கம்பியின் விட்டம் தவறாக இருக்கலாம். 27.2 மி.மீ. என்பதுபோல் கம்பியின் கீழ்ப்பகுதியில் பொறித்திருக்கும். 0.2 மி.மீ. குறைவு கூடக் கம்பியை இறங்கவைக்கும். கம்பியில் உள்ள குறைந்தபட்ச ஆழக் கோடு எப்போதும் சட்டத்துக்குள் மறைந்தே இருக்க வேண்டும். அது வெளியே தெரியும்படி ஏற்றினால் சட்டம் அந்த இடத்தில் விரியும், கம்பியும் முறியலாம்.

சீட் கம்பி அசையவே மாட்டேன் என்கிறது

இரும்புச் சட்டத்துக்குள் அலுமினியக் கம்பி இருந்து, இடையில் தண்ணீரும், பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் புகுந்தால், இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரித்துக்கொண்டு இறுகிவிடும். ஊடுருவும் எண்ணெயைக் கம்பி நுழையும் இடத்தில் விட்டு ஓரிரவு வையுங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கிராங்க் பக்கத்திலிருந்தும் விட முடிந்தால் இன்னும் நல்லது. சீட்டைப் பிடித்து இடவலமாகத் திருகுங்கள், சுத்தியல் வேண்டாம். இரண்டு மூன்று நாள் எண்ணெய் விட்டும் வராவிட்டால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். சட்டத்தைவிடக் கம்பி மலிவு, வெட்டி எடுக்க வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும். குளிர்காலம் தொடங்கும்போது கம்பியை ஒரு முறை வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவிப் போட்டால் இந்த நிலை வராது.

மிதிக்கும்போது கிறீச், டக், டிக்

ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். சட்டம் வெறும் குழாய் என்பதால் ஒரு முனையில் உண்டாகும் சத்தம் இன்னொரு முனையில் பெரிதாகக் கேட்கும். காதை நம்ப வேண்டாம், வரிசையாகச் சோதித்துப் பாருங்கள்.

சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு சீட்டில், சீட் பிடிப்பானில் அல்லது சீட் கம்பியில். நிற்கவில்லை என்றால் உட்கார்ந்து, மிதிக்காமல் வண்டியை உருளவிடுங்கள். இப்போது நின்றால் பெடல், கிராங்க், செயின் பக்கம். உருளும்போதும் வந்தால் சக்கரத்தைப் பாருங்கள். ஆரக்கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் உரசுகிறதா, ஏதாவது ஒரு கம்பி தளர்ந்திருக்கிறதா என்று இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்குங்கள். கடைசியாக இறங்கி நின்று, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் அசையுங்கள். அப்போது சத்தம் வந்தால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்) அல்லது முன் ஃபோர்க்கின் பேரிங்.

பெடல் பக்கம் என்று தெரிந்தால், எத்தனை சுற்றுக்கு ஒரு முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தால் பெடல் அல்லது கிராங்க். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயின் ஒரு முழுச் சுற்று வர அவ்வளவு நேரம் பிடிக்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தி மெதுவாகப் பின்னோக்கி மிதித்தால், அந்தக் கண்ணி பின்னால் உள்ள சின்னச் சக்கரங்களைக் கடக்கும்போது துள்ளுவது கண்ணுக்கே தெரியும். எண்ணெய் விட்டு, அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் லேசாக வளைத்துக் கொடுங்கள்.

பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவித் திருப்பிப் போட்டாலே பாதிச் சத்தங்கள் போய்விடும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. நினைவில் வைக்க ஒரே விதி: சக்கரம் முன்னால் உருளும் திசையில் ஸ்பானரைத் திருப்பினால் இரண்டு பெடலும் இறுகும், பின்னால் திருப்பினால் கழலும்.

சத்தம் வரும் இணைப்பின்மேல் எண்ணெய் தெளிப்பதால் இரண்டு நாள் அமைதி கிடைக்கும், அவ்வளவுதான். கழற்று, துடை, தேவையான இடத்தில் கிரீஸ் வை, சரியான அளவுக்கு இறுக்கு. சீட் பிடிப்பானுக்கும் இதே வரிசைதான்.

கடுங்குளிரில் பெடல் சும்மா சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

முதல் முறை இது நடக்கும்போது பயமாக இருக்கும். பின்சக்கரத்தின் நடுவில், பல்சக்கரங்கள் மாட்டியிருக்கும் ஃப்ரீஹப்புக்குள் சின்ன உலோக நாக்குகள் உண்டு. நீங்கள் மிதிக்கும்போது அவை வெளியே வந்து பல்லைப் பிடிக்கும். உள்ளே கெட்டியான கிரீஸோ ஈரமோ இருந்து உறைந்தால் நாக்கு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

வண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து சில மணி நேரம் வையுங்கள். சூடானதும் பிடித்தால் காரணம் இதுதான். வெந்நீர் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீரே உள்ளே போய் நாளைக்கு உறையும். ஃப்ரீஹப்பைப் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, ஃப்ரீஹப்புக்கென்று உள்ள மெல்லிய கிரீஸை அல்லது எண்ணெயைக் குறைவாக வையுங்கள்.

இன்னொன்று. உறைகுளிரிலிருந்து சூடான அறைக்கு வண்டி வந்தவுடன் சட்டமெல்லாம் வியர்க்கும், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படிவதால். அந்த ஈரத்தோடு மறுபடி வெளியே எடுத்தால் கேபிளும் பிரேக்கும் உறையும். துடைத்து, முழுக்கக் காயவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு நேரமில்லாத நாளில், கூரையுள்ள குளிர்ந்த இடத்திலேயே விட்டுவைப்பது மேல்.

கியர் மாறவில்லை, அல்லது செயின் தாவுகிறது

குளிரில் மட்டும் கியர் இறுகினால் கேபிள் உறைக்குள் தண்ணீர். உறையோடு சேர்த்துக் கேபிளை மாற்றுங்கள், அந்தச் சின்ன வேலைக்கு மற்ற வைத்தியம் எல்லாம் வீண். வழக்கமான பின் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) உள்ள வண்டியில், எல்லாக் காலத்திலும் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்வு. டிரெய்லியரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக.

அழுத்தி மிதிக்கும்போது செயின் தாவினால் அதை அளந்து பாருங்கள். ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை அங்குலம். அதனால் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம். செயினை இழுத்துப் பிடித்து, ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் 0.5 சதவீதத் தேய்மானம், புதுச் செயின் வாங்கும் நேரம். 1/8 அங்குலம் என்றால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அப்போது செயினை மட்டும் மாற்றினால் தாவுவது இன்னும் மோசமாகும்.

உப்பு போட்ட சாலையில் ஓட்டிய நாளில் குளிர்ந்த தண்ணீரில் மென்மையாகக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். சில நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது கண்ணிக்குள்ளே, மேலே இருப்பது அழுக்கைத்தான் பிடிக்கும்.

காற்று இறங்குகிறது

பஞ்சர் என்று முடிவு கட்டுவதற்கு முன் வெப்பநிலையை நினையுங்கள். 20 டிகிரி அறையில் 4 பார் அடித்து, மைனஸ் 5 டிகிரிக்கு வெளியே போனால் டயரில் சுமார் 3.6 பார்தான் இருக்கும். ஒரு துளிக் காற்றும் வெளியேறவில்லை, குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. வெளியே நின்று அளந்து அடியுங்கள்.

நிஜப் பஞ்சர் என்றால், ட்யூபை உருவும் முன் டயரில் எழுத்து உள்ள இடம் வால்வுக்கு நேராக வரும்படி பார்த்துவையுங்கள். ட்யூபில் ஓட்டையைக் கண்டதும் அதே தூரத்தில் டயரைத் தேடினால் முள் அங்கேயே இருக்கும். ஓட்டை வெளிப்பக்கம் என்றால் முள் அல்லது கண்ணாடி. உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் ரிம் டேப் விலகியிருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால், காற்றுக் குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி ட்யூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போட்டால் அடுத்த தெருவிலேயே மறுபடி இறங்கும்.

பிரேக் அலறுகிறது, அல்லது பிடிக்கவில்லை

ரிம் பிரேக் என்றால் ரிம்மை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிரேக் கட்டையைக் கழற்றி, பதிந்திருக்கும் உலோகத் துகள்களை ஊசியால் எடுத்து, உப்புத்தாளில் தேயுங்கள். குளிர்கால ஈரத்தில் இந்தத் துகள்கள் ரிம்மையே அரைத்துவிடும். திரும்பப் போடும்போது கட்டையின் முன்முனை ரிம்மை ஒரு மயிரிழை முன்னதாகத் தொடும்படி சாய்த்தால் அலறல் அடங்கும்.

டிஸ்க் பிரேக்கில் ஒரே சீராக உரசல் கேட்டால், டிஸ்கைக் கவ்வும் பிரேக் பிடிப்பானைச் சட்டத்தோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, லீவரை இறுகப் பிடித்தபடியே அவற்றை மாறி மாறி இறுக்குங்கள். பல சமயம் அதிலேயே நடுவுக்கு வந்துவிடும். அலறலோடு பிடிப்பும் குறைந்திருந்தால் டிஸ்கில் எண்ணெய் பட்டிருக்கிறது. செயினுக்கு ஸ்ப்ரே அடித்த அன்றுதான் பெரும்பாலும் இது நடக்கும். டிஸ்கை ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய் குடித்த பிரேக் பேடை மாற்றிவிடுங்கள், அதைச் சுட்டும் தேய்த்தும் மீட்பதை நான் நம்புவதில்லை.

ஹைட்ராலிக் லீவர் ஹேண்டில்பார் வரை வந்து தொட்டால் உள்ளே காற்று, அல்லது எங்கோ கசிவு. அந்த வண்டியை அன்றைக்கு எடுக்கக் கூடாது. காற்றை வெளியேற்றும் வேலையை வீட்டில் செய்வதாக இருந்தால், எந்தத் திரவம் என்று லீவரின் மூடியில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் (DOT) என்ற வகை பிரேக் திரவத்தையோ, டாட் பிரேக்கில் மினரல் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் கெட்டு, முழு பிரேக்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.